மூலம் என்று நினைத்த பத்து மாதம்

நேயர்களுக்கு வணக்கம். பென்னாகரம் பக்கத்துக் கிராமங்களில் 31 வருடம் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்தவள் நான். வெள்ளைப்படுதல், மாதவிலக்கு, கருத்தடை என்று பெண்கள் வாய்திறக்கத் தயங்குகிற விஷயங்களைத் திண்ணையில் உட்கார்ந்து பேச வைத்திருக்கிறேன். அப்படிப்பட்ட எனக்கே மலத்தோடு ரத்தம் போனபோது, பத்து மாதம் என் மகளிடம்கூடச் சொல்லவில்லை. கடைசியில் அது மலக்குடல் புற்றுநோய்.

நம்ம பக்கம் ரத்தம் போனால் அதற்கு ஒரே பெயர்தான்: மூலம். உடம்புச் சூடு என்பார்கள். நானும் துத்தி இலையை விளக்கெண்ணெயில் வதக்கிச் சாப்பிட்டேன். குறையவில்லை என்றதும் ஒரு மருத்துவரிடம் போனேன். அவர் படுக்க வைத்துப் பார்க்காமலே மாத்திரையும் களிம்பும் எழுதிக் கொடுத்தார். 'பார்க்க வேண்டாமா சார்?' என்று நானும் கேட்கவில்லை. பார்க்காமல் விட்டாரே என்று நிம்மதியாகத்தான் வெளியே வந்தேன். அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்குகிறது.

மலக்குடல் என்பது பெருங்குடலின் கடைசிப் பகுதி. ஏறக்குறைய 15 சென்டிமீட்டர், ஒரு சாணுக்கும் குறைவு. அதன் கீழ்ப்பாகத்தில் கட்டி இருந்தால், கையுறை போட்ட ஒரு விரலாலேயே மருத்துவரால் தொட்டு உணர முடியும். அரை நிமிட வேலை. எனக்கு அப்படித்தான் கண்டுபிடித்தார்கள், பத்து மாதம் கழித்து. மூலத்திலும் ரத்தம் வரும், இதிலும் வரும். ரத்தத்தை மட்டும் பார்த்துப் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. போய்விட்டு வந்த பிறகும் இன்னும் பாக்கி இருப்பது மாதிரி முக்கல், சளி, மலம் போகும் பழக்கம் திடீரென்று மாறுவது, காரணம் தெரியாத ரத்தசோகை இவையும் சேர்ந்தால் நாள் கடத்தவே கூடாது. ஏற்கெனவே மூலம் இருப்பவருக்கும் இந்த நோய் வரலாம்.

பிறகு கொலனோஸ்கோபி (கேமரா வைத்த குழாயை விட்டுக் குடலைப் பார்ப்பது), சதைப் பரிசோதனை, எம்.ஆர்.ஐ. ஸ்கேன். கட்டி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதை ஸ்கேனில் பார்த்துத்தான் முதலில் ஆபரேஷனா, கதிர்வீச்சா என்று முடிவு செய்கிறார்கள். எனக்கு முதலில் கதிர்வீச்சு. ஆஸ்பத்திரி வராண்டாவில் எல்லோரும் 'கரண்ட்' என்றுதான் சொல்வோம். வாரத்துக்கு ஐந்து நாள் என்று மொத்தம் 28 தடவை, கூடவே கீமோ மாத்திரை. கரண்ட் வைக்கும்போது ஒன்றுமே தெரியாது. மூன்றாவது வாரத்தில்தான் பேதியும், சிறுநீர் போகும்போது எரிச்சலும் வந்தன. கேழ்வரகுக் களியை நிறுத்தச் சொன்னார்கள், நார்ச்சத்து அந்த நேரத்தில் குடலைக் கிளறும் என்று. பிறந்ததிலிருந்து களி சாப்பிட்டவளுக்கு அரிசிக் கஞ்சியும் மோரும் இறங்கவே இல்லை. ஆனாலும் குடித்தேன்.

கரண்ட் முடிந்து பத்து வாரம் கழித்துத்தான் ஆபரேஷன். 'ஏன் இப்படித் தள்ளிப் போடுகிறார்கள்?' என்று சொந்தக்காரர்கள் சண்டைக்கே வந்தார்கள். கரண்ட் நின்ற பிறகும் கட்டி சுருங்கிக்கொண்டே வரும், அதற்காகத்தான் அந்த இடைவெளி. சிலருக்குக் கட்டி முழுவதும் மறைந்து, ஆபரேஷன் இல்லாமல் அடிக்கடி பரிசோதித்தே கவனிக்கிறார்கள். அது மருத்துவர் எடுக்க வேண்டிய முடிவு. கட்டி போய்விட்டது என்று நாமாக நின்றுவிடக் கூடாது.

இனி பை. குடலை வயிற்றில் திறந்து வைத்து, அதன் வழியாக வரும் மலத்தைப் பிடிக்க ஒட்டும் பை. இந்த ஒரு வார்த்தைக்குப் பயந்தே சிகிச்சையை விட்டு ஓடிப்போனவர்களை எனக்குத் தெரியும். கட்டி ஆசனவாய்த் தசையைப் பிடித்திருந்தால் பை நிரந்தரம். எனக்குச் சற்று மேலே இருந்ததால், தைத்த இடம் ஆறும் வரைக்கும் தற்காலிகமாகச் சிறுகுடலை வயிற்றில் திறந்து வைத்தார்கள். முதல்முறை அதைக் குனிந்து பார்த்தபோது கண்ணை மூடிக்கொண்டேன். நம் கன்னத்தின் உள்பக்கம் எப்படியோ அப்படித்தான் இருக்கும், சிவப்பாக, ஈரமாக. தொட்டால் வலிக்காது. சுற்றிலும் உள்ள தோலை வெறும் தண்ணீரில் துடைத்து நன்றாகக் காயவைக்க வேண்டும். பிறகு அந்தத் திறப்பை அட்டையால் அளவெடுத்து, பையை ஒட்டும் தகட்டில் அதைவிட நூலிழை மட்டும் பெரிதாக ஓட்டை வெட்ட வேண்டும். ரொம்பப் பெரிதாக வெட்டிவிட்டால் கசிவு பட்டுத் தோல் வெந்துபோகும். என் மகள்தான் நகம் வெட்டும் சின்னக் கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுப்பாள். பையில் மூன்றில் ஒரு பங்கு சேர்ந்ததும் காலி செய்துவிட வேண்டும். சித்திரை வெயிலில் பை தண்ணீராக ஓடியது, கால் மரத்தது. உப்புச்சர்க்கரைக் கரைசல் பாக்கெட் அன்று என்னைக் காப்பாற்றியது.

செலவைப் பற்றிப் பயப்படுகிறவர்கள் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையைக் கையோடு கொண்டுபோய், சேரும் முன்பே விசாரியுங்கள்.

பையை எடுத்து, வயிற்றுத் திறப்பை மூடிய பிறகும் ஒரு நாளைக்கு எட்டு, பத்து தடவை ஓட வேண்டியிருந்தது. பஸ் ஏறவே பயம். இதை முன்கூட்டியே சொல்லியிருந்தால் அவ்வளவு அழுதிருக்க மாட்டேன், அதனால் உங்களுக்குச் சொல்கிறேன். இடுப்புத் தசைப் பயிற்சியாலும் மருந்தாலும் ஒரு வருடத்தில் மூன்று தடவைக்கு இறங்கியது.

கூடப் பிறந்தவர்களும் பிள்ளைகளும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பாலக்கோட்டில் இருக்கும் என் அண்ணன் ஆறு மாதம் பிடிகொடுக்கவே இல்லை. ஒரு நாள் அடுப்படிக்கு வந்து, அண்ணி காதில் விழாத மாதிரி, "எனக்கும் போகுதும்மா, ரொம்ப நாளா" என்றார். அடுத்த வாரமே கூட்டிப் போனேன். குடலில் இரண்டு சின்னக் கட்டிகள். புற்றாக மாறுவதற்கு முன்பே, கொலனோஸ்கோபி செய்யும்போதே எடுத்துவிட்டார்கள். சாயங்காலமே தக்காளித் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும் என்று கிளம்பினார். நான்தான் பிடித்து உட்கார வைத்தேன்.