காலி பாட்டிலைக் கொண்டுவாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். சுற்றுச்சூழல் அக்கறையுள்ள நிறுவனங்களில் பெண்களின் தலைமை பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். பொதுவாகப் பேசினால், பெண் என்றாலே இயற்கை மேல் பாசம் என்கிற இடத்தில் போய் நிற்கும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அதனால் ஒரே ஒருவரை எடுத்துக்கொள்கிறேன்: அழகுப் பொருட்கள் விற்கும் பாடி ஷாப் கடைகளைத் தொடங்கிய அனிட்டா ரோடிக்.

1976 மார்ச்சில், இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில், 4,000 பவுண்டு கடன் வாங்கி முதல் கடையைத் திறந்தார். கணவரோ தென் அமெரிக்காவிலிருந்து நியூயார்க் வரை குதிரையில் போகிறேன் என்று கிளம்பிவிட்டார்! வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள். வயிற்றுப்பாட்டுக்குப் போட்ட கடைதான் அது. விற்க இருந்தவை இருபத்தைந்து சரக்குகள். அலமாரி காலியாகத் தெரியக் கூடாதே என்று ஒவ்வொன்றையும் ஐந்து அளவுகளில் அடுக்கினார். பாட்டில்? மருத்துவமனையில் சிறுநீர்ப் பரிசோதனைக்குக் கொடுப்பார்களே, அந்த மலிவுப் பாட்டில். அதையும் தேவையான அளவு வாங்கக் காசில்லை. காலி பாட்டிலைக் கொண்டுவந்தால் நிரப்பித் தருகிறேன் என்று சொல்லிவிட்டார். போர்க்காலத்தில் அவருடைய அம்மா எதையும் தூக்கிப்போடாமல் குடும்பம் நடத்தியவர். அந்தக் கைப்பழக்கம் மகளுக்கும் இருந்தது. கடையின் பிரபலமான பச்சை நிறம்கூட, சுவரில் ஊறிய ஈரத்தை மறைக்க அடித்த பெயின்ட்தான்.

கடைகள் பெருகியதும் சரக்கு வாங்கும் முறையில் கைவைத்தார். 'உதவி வேண்டாம், வியாபாரம் கொடு' என்ற கொள்கையோடு ஏழை நாடுகளின் சிறு உற்பத்தியாளர்களிடம் நேரடியாக வாங்கினார். இதில் நம்மூரும் உண்டு. மதுரை பக்கத்துத் திருமங்கலத்தில் டெடி எக்ஸ்போர்ட்ஸ் என்ற நிறுவனம். காலடியில் போட்டு உருட்டினால் பாதவலி தீரும் என்று வரிவரியாகக் கடைந்த மர உருளை, துணிப்பை எல்லாம் அங்கிருந்து லண்டன் கடைகளுக்குப் போயின. அந்த வருமானத்தில் திருமங்கலத்தில் பள்ளிக்கூடமும் நடந்தது.

சரி, இதெல்லாம் நிலைத்ததா? 1984-லேயே நிறுவனம் பங்குச் சந்தைக்குப் போயிருந்தது. 2006-இல் லோரியல் என்ற பிரெஞ்சு அழகுப்பொருள் நிறுவனம் அதை 652 மில்லியன் பவுண்டுக்கு வாங்கியது. உள்ளே இருந்தபடியே அந்தப் பெரிய நிறுவனத்தை மாற்றிவிடலாம் என்று ரோடிக் நம்பினார். மறு ஆண்டே இறந்துபோனார். அப்புறம் கடை கைமாறிக்கொண்டே இருந்தது: 2017-இல் பிரேசிலின் நச்சுரா என்ற அழகுப்பொருள் நிறுவனம், 2023 கடைசியில் அவுரேலியஸ் என்ற முதலீட்டு நிறுவனம். இடையே 2019-இல், சமூகத்தையும் சுற்றுச்சூழலையும் மதிக்கும் நிறுவனங்களுக்குத் தரும் பி கார்ப் என்ற நற்சான்றிதழும் கிடைத்தது. 2024 பிப்ரவரியில் பிரிட்டன் கிளை திவால் நடவடிக்கைக்குள் போனது.

பெண் தலைவர் வந்தால் நிறுவனம் பசுமையாகிவிடும் என்று சொல்பவர்களிடம் நான் கேட்பது, பங்கு யார் கையில் இருக்கிறது என்பதைத்தான். ரோடிக்கின் வழக்கங்கள் கடையோடு சேர்த்து விற்கப்பட்டவை. வாங்கியவர் விரும்பினால் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். சான்றிதழ் வந்து ஐந்தாண்டுகூட ஆகவில்லை, சரக்கு அனுப்பிய சிறு உற்பத்தியாளர்கள் பாக்கிப் பணத்துக்காகக் கடன் கொடுத்தவர்களின் வரிசையில் நிற்கவேண்டி வந்தது.