கரண்டு போய்ப் போய் வர்ற ஊருக்கு எந்த பேட்டரி சார்ஜர் வாங்கலாம்?

வணக்கம் மக்களே, ரங்கூன்ல இருந்து பேசுறேன். போன வீடியோ கமெண்ட்ல நிறைய பேரு கேட்டிருந்தீங்க, அண்ணே வண்டி வீட்டுலயே நிக்குது, பேட்டரி செத்துப் போகுது, எந்த சார்ஜர் வாங்கணும்னு. எல்லாரும் மொதல்ல கேக்குறது எத்தன ஆம்பியர்னுதான், அதுக்கு அப்புறமா வரேன், நம்ம ஊருக்கு அத விட முக்கியமான விஷயம் ஒண்ணு இருக்கு.

கரண்டு போயிட்டு திரும்பி வந்தா அந்த சார்ஜர் தானா மறுபடி சார்ஜ் பண்ண ஆரம்பிக்குமா? இததான் கேட்டு வாங்கணும். நமக்கு இப்ப கரண்டே ஷிஃப்ட் போட்டுதான் வருது, நைட்டு ரெண்டு மணிக்கு லைன் வரும், எல்லாரும் தூக்கத்துல இருப்போம். சில ஸ்மார்ட் சார்ஜர் லைன் திரும்பி வந்ததும் ஸ்டான்ட்பைல போய் உக்காந்துக்கும், நாம எந்திரிச்சு போய் மோட் பட்டன அமுக்குனாத்தான் வேலை செய்யும், அப்படி ஒரு சார்ஜர் எவ்ளோ நல்ல கம்பெனியா இருந்தாலும் இங்க பிரயோஜனம் இல்ல. கடையிலயே டெஸ்ட் பண்ணிருங்க, சயா, அதான் கடைக்காரர் கிட்ட, ஒரு பழைய பேட்டரில மாட்டச் சொல்லி, மோட் செட் பண்ணி, பிளக்க உருவி, ஒரு நிமிஷம் விட்டு திரும்ப சொருகச் சொல்லுங்க. பழைய மோட்லயே தானா ஓட ஆரம்பிச்சா எடுத்துக்கோங்க. நோக்கோ கம்பெனியோட ஜீனியஸ் சார்ஜர் வரிசையில இந்த மெமரி வசதி இருக்கு, விலை கம்மியான சில சார்ஜர்லயும் இருக்கும், அதான் மாட்டிப் பாத்து வாங்குங்கன்னு சொல்றேன்.

இது ஏன் இவ்ளோ முக்கியம்னா, லெட் ஆசிட் பேட்டரி, அதான் நம்ம சாதா வண்டி பேட்டரி, 80 பர்சன்ட் வரைக்கும் வேகமா ஏறிடும், மிச்ச 20தான் மெதுவா மணிக்கணக்கா ஏறும். நம்ம லைன் அந்த நேரம் பாத்து போயிடும். முழுசா ஏறாமலே திரும்பத் திரும்ப விட்டா பிளேட்டுல சல்பேட் இறுகி பேட்டரி சக்தியே கொறஞ்சிரும். வண்டி சும்மா நின்னாலும் அலாரம், கடிகாரம், கம்ப்யூட்டர் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமா இழுக்கும், 50 மில்லி ஆம்பியர்னு வச்சாலே ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் ஹவர் (பேட்டரில எவ்ளோ சார்ஜ் இருக்குங்கிற அளவு) போயிடும், மூணு வாரம் நின்னா சின்ன கார் பேட்டரில பாதி காலி.

சரி ஆம்பியருக்கு வருவோம். நம்ம கிட்ட ஓடுறது பூரா ஜப்பான் செகண்ட் ஹேண்ட் கார், பேட்டரி மேல 55B24L அந்த மாதிரி போட்டிருக்கும், அந்த 55 ஆம்பியர் ஹவர்னு நெனைக்காதீங்க, அது பெர்ஃபார்மன்ஸ் நம்பர், அந்த சைஸ் பேட்டரி 20 மணி நேர கணக்குல சுமார் 45 ஆம்பியர் ஹவர்தான். அந்த ஆம்பியர் ஹவர்ல பத்துல ஒரு பங்கு சார்ஜர் ஆம்பியர்ங்கிறது பழைய கணக்கு, அதாவது 4, 5 ஆம்பியர். லைன் இருக்குற கொஞ்ச நேரத்துக்குள்ள ஏத்தணும்னா 7, 8 வரைக்கும் போலாம், அதுக்கு மேல வேண்டாம், சூடாகும்.

இன்னொன்னு, இத தயவு செஞ்சு கவனமா கேளுங்க. பழைய சாமான் கடையில ஜப்பான்ல இருந்து வந்த சார்ஜர் மலிவா கிடைக்கும், செல்ஸ்டார், மெல்டெக் இதெல்லாம் நல்ல சாமான்தான், ஆனா அவங்க ஊரு லைன் 100 வோல்ட்டு, நம்மது 230. பின்னாடி லேபிள்ல 100V மட்டும் போட்டிருந்தா நேரா சொருகுன உடனே போயிரும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வீட்டுல இருந்தா மட்டும் வாங்குங்க. 100ல இருந்து 240னு போட்டிருந்தா ரொம்ப நல்லது, லைன் லோ வோல்டேஜ்ல வந்தாலும் சமாளிக்கும். கனமான இரும்புப் பெட்டி டிரான்ஸ்பார்மர் சார்ஜர் அப்படி இல்ல, உள்ள வர்ற வோல்ட் ஏறி எறங்குனா வெளிய போறதும் ஏறி எறங்கும், முக்காவாசில கட் ஆஃபும் கிடையாது, ராத்திரி பூரா மாட்டி விட்டா 15 வோல்ட்டத் தாண்டிப் போயி ஆசிட் கொதிச்சு தண்ணி வத்திரும். ஒர்க்‌ஷாப்ல ஆளு பக்கத்துல நின்னு பாக்குறாங்க, அவங்களுக்கு ஓகே, வீட்டுக்கு வேண்டாம்.

சாதா தண்ணி பேட்டரின்னா 14.4 வோல்ட்டு மோட். ஏஜிஎம், அதாவது தண்ணி ஊத்தாத சீல் பண்ண பேட்டரி, அதுக்கு தனி மோட் இருக்கணும். லித்தியம் பேட்டரிக்கு லித்தியம் மோட் இல்லாத சார்ஜர மாட்டவே மாட்டாதீங்க. பாகோ, மோல்மீன் பக்கம் பைக் வச்சிருக்குற தம்பிங்களுக்கு 1 ஆம்பியர் மோட் போதும், 5 ஆம்பியர் ஹவர் பேட்டரில கார் சார்ஜர் வேகம் வச்சு ஏத்தாதீங்க. லாரிக்கு 24 வோல்ட்டு, ரெண்டு 12 வோல்ட் பேட்டரிய சீரிஸ்ல, அதாவது ஒண்ணோட பிளஸ்ஸ இன்னொண்ணோட மைனஸ்ல சேத்து போட்டிருப்பாங்க, 24 வோல்ட் சார்ஜர் இல்லன்னா கனெக்ஷன கழட்டிட்டு ஒவ்வொண்ணா ஏத்துங்க.

மாட்டுறப்ப செவப்பு கிளிப் மொதல்ல பிளஸ்ல, கருப்பு கிளிப்ப பேட்டரிய விட்டுத் தள்ளி பாடில இரும்புல மாட்டுங்க, அப்புறம்தான் பிளக்கு. கழட்டுறப்ப பிளக்கு மொதல்ல. சார்ஜ் ஆகுறப்ப ஹைட்ரஜன் வரும், மூடுன எடத்துல வச்சு ஏத்தாதீங்க, பக்கத்துல சாமி வெளக்கு, கொசுவத்தி எதுவும் இருக்கக்கூடாது.

ஏத்தி முடிச்சு ஒரு ராத்திரி விட்டு மீட்டர்ல பாருங்க, 12.6, 12.7 காட்டணும், 12.2ன்னா பாதிதான் இருக்கு. முழுசா ஏத்தியும் ரெண்டு நாள்ல 12க்கு எறங்குச்சுன்னா, வண்டிதான் இழுக்குதான்னு தெரிய பேட்டரி கேபிள கழட்டி வச்சு ஒரு தடவ பாருங்க, அப்பவும் எறங்குனா பேட்டரி போச்சு, அதுக்கு சார்ஜர் வாங்கி காச கரைக்காதீங்க. உங்க பேட்டரி மேல என்ன எழுத்து இருக்குன்னு கமெண்ட்ல போடுங்க, எத்தன ஆம்பியர்னு ஒவ்வொருத்தருக்கா பதில் போடுறேன்.