டேங்க் ரோட்டுக்கு எதிரே ஒரு மலை

நேயர்களுக்கு வணக்கம்.

டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோவிலுக்கு ஒரு முறையாவது போகாத தமிழ்க் குடும்பம் சிங்கப்பூரில் அநேகமாக இருக்காது. தைப்பூசத்தன்று சிராங்கூன் ரோடு பெருமாள் கோவிலில் பால்குடத்தைத் தூக்கினால், கால் கொதிக்கக் கொதிக்க நடந்து, டேங்க் ரோடு கோபுரம் கண்ணில் பட்டதும்தான் மூச்சு வரும். அந்த நேரத்தில் சாலையின் எதிர்ப்பக்கம் திரும்பிப் பார்க்க யாருக்கும் தோன்றாது. இன்று நான் பேச வந்தது அந்த எதிர்ப்பக்கத்தைப் பற்றித்தான். அங்கே ஒரு மலை இருக்கிறது. ஃபோர்ட் கெனிங் மலை.

மலை என்றதும் பழனியையோ திருத்தணியையோ நினைத்துக்கொள்ள வேண்டாம். உயரம் 48 மீட்டர்தான். ஆனால் இந்தத் தீவில் இவ்வளவு கூத்தும் பாட்டும் நாடகமும் நடந்த இடம் வேறு ஏதாவது உண்டா என்று கேட்டால், எனக்குத் தெரிந்து இல்லை. நாற்பது வருடமாக இதையே பலரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்று உங்களிடமும் சொல்கிறேன்.

முதலில் அந்த மலையடிவாரத்தில் இருந்த நேஷனல் தியேட்டர். தமிழில் தேசிய அரங்கம். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அது நேஷனல் தியேட்டர்தான். நாற்பது வயதுக்குக் கீழே இருப்பவர்கள் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். கிளமென்சியூ அவென்யூவில், கோவிலிலிருந்து கூப்பிடு தூரத்தில், மலைச்சரிவை ஒட்டி நின்றது. முகப்பில் ஐந்து கூர்முனைகள். முன்னால் பிறை வடிவத்தில் ஒரு நீரூற்று. ஐந்து முனைகளையும் பிறையையும் சேர்த்துப் பாருங்கள். நம் கொடியில் இருக்கிற ஐந்து நட்சத்திரமும் பிறையும்தான். வடிவமைத்தவர் ஆல்ஃபிரட் வோங் என்ற நம் ஊர்க் கட்டடக் கலைஞர். திறந்தது 1963 ஆகஸ்ட் மாதம், தென்கிழக்காசியக் கலாசார விழாவுக்காக. 3,420 பேர் உட்காரலாம்.

அதைக் கட்டப் பணம் வந்த விதத்தைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. அரசாங்கம் தன் பங்கைப் போட்டது. மீதிக்கு மக்களிடம் வந்தார்கள். ஒரு செங்கல்லுக்கு ஒரு வெள்ளி, அதாவது ஒரு டாலர். யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஒரு வெள்ளி கொடுத்தால் ஒரு செங்கல் உங்களுடையது. அதனால்தான் அதற்கு மக்கள் அரங்கம் என்ற பெயரும் வந்தது.

என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். வேலை இருக்கிற நாளில் கூலி, இல்லாத நாளில் இல்லை. அன்றைக்கு ஒரு வெள்ளி என்பது எங்கள் வீட்டில் ஒரு நாள் மார்க்கெட் செலவு. அப்பா அந்த ஒரு வெள்ளியைக் கொடுத்துவிட்டு வந்தார். அம்மா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. எனக்கு அப்போது ஆறேழு வயது. சண்டையின் காரணம் புரியவில்லை. அப்பா எங்கேயோ ஒரு செங்கல் வாங்கியிருக்கிறார், அதை ஏன் இன்னும் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை என்பதுதான் என் கவலை.

அப்புறம் அரங்கம் திறந்து, ஒரு நாள் எங்களை அங்கே கூட்டிக்கொண்டு போனார். உள்ளே போகுமுன் என் கையைப் பிடித்து, சுவரில் ஓர் இடத்தில் வைத்து, "இதுதான் நம்ம கல்லு" என்றார். அது மேலே பூசிய வழவழப்பான சுவர், கல்லே வெளியே தெரியாது. ஆனாலும் நான் நம்பினேன். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் கையை வைத்துவிட்டுத்தான் உள்ளே போவேன். வெயில் நாளில்கூட அந்த இடம் குளிர்ச்சியாக இருக்கும்.

அந்த அரங்கத்துக்குப் பக்கச் சுவர் கிடையாது. குளிரூட்டி கிடையாது. நூற்றைம்பது டன் எஃகுக் கூரை மலைச்சரிவை நோக்கி நீண்டிருக்கும், அவ்வளவுதான். காற்று ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போகும். மழை வந்தால் சாரலும் அப்படித்தான். எழுபதுகளில் ஒரு சனிக்கிழமை இரவு, நம்மவர்கள் நடத்திய ஒரு கலை நிகழ்ச்சியில் மேடைக்குப் பின்னால் சாமான் எடுத்து வைக்கிற வேலையில் இருந்தேன். மெல்லிசைக் குழு பாடிக்கொண்டிருக்கும்போது மழை கொட்டியது. கூரையில் விழுந்த சத்தத்தில் ஒலிபெருக்கி இருந்தும் பாட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஓரத்தில் இருந்தவர்கள் எல்லோரும் நடுப்பக்கம் நகர்ந்து, ஒரு நாற்காலியில் இரண்டு பேராக உட்கார்ந்தார்கள். யாரும் எழுந்து போகவில்லை. அப்போது நிகழ்ச்சிப் பொறுப்பாளர் ஒரு காரியம் செய்தார். அடுத்து வரவேண்டிய நாதஸ்வரக்காரரையும் தவில்காரரையும் முன்னாலேயே மேடைக்கு அனுப்பிவிட்டார். மைக்கை நகர்த்தி வைத்துவிட்டு இருவரும் வாசிக்க ஆரம்பித்தார்கள்.

நாதஸ்வரம் வீதியில் வாசிக்கப் பிறந்த வாத்தியம் அல்லவா! சாமி புறப்பாட்டில் ஊர்க்கோடி வரைக்கும் கேட்க வேண்டிய வாத்தியம். அந்த மழையை அது அமுக்கிவிட்டது. அவர் வாசித்துக்கொண்டிருக்கும்போதே மழை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. குறையக் குறைய எதிரே கோவிலிலிருந்து அர்த்தசாம மணி காற்றில் வந்தது. வாசித்தவர் ஒரு கணம் நிறுத்தி, கண்ணை மூடி, மணி ஓயும் வரை காத்திருந்துவிட்டு மறுபடி தொடங்கினார். அந்த இடைவெளியில் அத்தனை பேரும் அப்படியே அசையாமல் இருந்தார்கள். சுவர் உள்ள அரங்கமாக இருந்தால் இது நடந்திருக்குமா? நடந்திருக்காது. அதனால்தான் மலையில் நடக்கிற கச்சேரியைத் தனியாகச் சொல்கிறேன். அங்கே மழையும் மணியும் வௌவாலும் உள்ளே வரும்.

1966ல் முதல் தேசிய தினப் பேரணி நடந்ததும் அங்கேதான். பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாக்கள் நடந்ததும் அங்கேதான். 1984ல் கூரை பாதுகாப்பாக இல்லை என்று பொறியாளர்கள் சொன்னார்கள். மத்திய விரைவுச்சாலையின் சுரங்கப்பாதையும் பக்கத்திலேயே வர இருந்தது. அரங்கை மூடினார்கள். 1986ல் இடித்தார்கள். இடிக்கிற நாளில் நானும் அப்பாவும் கோவில் வாசலில் நின்று பார்த்தோம். ஐந்து முனைகளில் இரண்டுதான் அப்போது மிச்சம் இருந்தன. அப்பா ஒன்றும் பேசவில்லை. அன்று அர்ச்சனைக்குக் கொடுக்கும்போது மட்டும், வீட்டில் எல்லோர் பெயரையும் சொல்லிவிட்டு, கொஞ்சம் யோசித்து, "சுவாமி பேருக்கும் ஒண்ணு" என்றார்.

சரி, அது போனது போனதுதான். மலை இருக்கிறதே! இனி மேலே ஏறுவோம்.

இன்று நிறைய இளையர்கள் தோபி காட் பக்கமிருந்து ஏறுகிறார்கள். அங்கே ஒரு சுருள் படிக்கட்டு இருக்கிறது. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் வட்டத்துக்குள் ஒரு மரம் தெரியும். படம் எடுக்க நீண்ட வரிசை. நன்றாகத்தான் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் பலர் படத்தை எடுத்துக்கொண்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள். அதுதான் எனக்கு மனம் ஆறவில்லை. இன்னும் பத்து நிமிடம் நடந்தால் ஃபோர்ட் கெனிங் கிரீன். அந்தப் புல்வெளிதான் இப்போது மலையின் அரங்கம்.

இயற்கையாகவே சரிவான புல்வெளி. கீழே மேடை போடுவார்கள், சரிவில் நாம் பாய் விரித்து உட்காரலாம். 1995 முதல் அங்கே நட்சத்திரங்களுக்குக் கீழே பாலே நடனம் நடக்கிறது. ஷேக்ஸ்பியர் நாடகங்கள் பல ஆண்டுகள் நடந்தன. 1998லிருந்து சில ஆண்டுகள் உலக இசை விழாவான வோமேட் நடந்தது. புல்வெளிக்கு மேலே நிற்கிற பெரிய வெள்ளைக் கட்டடம் 1926ல் பிரிட்டிஷ் படையினர் தங்கக் கட்டியது. அவர்கள் படுத்திருந்த கூடங்களில் பிற்காலத்தில் நடனக் குழுவும் நாடகக் குழுவும் ஒத்திகை பார்த்தன.

புல்வெளியைச் சுற்றி உள்ள செங்கல் சுவரைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். அதில் கல்லறைக் கற்களைப் பதித்திருக்கிறார்கள். அந்த இடம் 1865 வரை கிறிஸ்தவ மயானம். மாலுமிகள், மனைவிமார், சில மாதமே வாழ்ந்த குழந்தைகள். மழையில் எழுத்து தேய்ந்துபோய், சில கற்களில் வயது மட்டும்தான் தெரியும். ஒரு கல்லில் விரலை வைத்துத் தடவிப் பார்த்தபோது எண் மட்டும் ஆழமாகத் தட்டுப்பட்டது, பெயர் தட்டுப்படவில்லை. பாட்டும் நாடகமும் நடக்கிற இடத்தில் இவர்களும் இருக்கிறார்கள் என்பதை நான் எப்போதும் நினைத்துக்கொள்வேன். காலணியைக் கழற்றிவிட்டுத்தான் அந்தப் புல்லில் உட்காருவேன்.

போன வருடம் பேத்தியைக் கூட்டிக்கொண்டு போனேன். நிகழ்ச்சி எதுவும் இல்லாத நாள், காலை ஏழு மணி. அவளைக் கீழே மேடை போடுகிற இடத்தில் நிற்க வைத்துவிட்டு நான் சரிவின் உச்சிக்குப் போய் உட்கார்ந்தேன். "எதையாவது பேசு, கத்தாதே" என்றேன். பள்ளிக்கூட உணவகத்தில் நேற்று என்ன சாப்பிட்டாள், யார் அவள் கரண்டியைக் கீழே போட்டது என்று சொல்லிக்கொண்டே போனாள். ஒவ்வொரு சொல்லும் எனக்குக் கேட்டது. "தாத்தா, கேக்குதா?" என்று அவள் மெதுவாகக் கேட்டதும் கேட்டது. நீங்களும் இதைச் செய்து பாருங்கள். காலையில் போக வேண்டும், சாலைச் சத்தம் ஏறுமுன்.

என் ஆசை ஒன்றுதான். நம் தமிழ் நாடகக் குழுக்கள் அந்தப் புல்வெளியில் ஒரு தெருக்கூத்து போட வேண்டும். கட்டியங்காரன் மைக் இல்லாமல் வந்து நின்று பேச வேண்டும். விடிய விடிய வேண்டாம், அனுமதி கிடைக்காது. மூன்று மணி நேரம் போதும். இதை நான் குழுக்காரர்களிடம் பார்க்கும்போதெல்லாம் சொல்கிறேன். வாடகை, மழை, கூட்டம் வருமா என்று கணக்குப் பார்க்கிறார்கள். அவர்கள் கவலை நியாயம்தான். ஆனால் கூட்டம் வராது என்று மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரு செங்கல்லுக்கு ஒரு வெள்ளி கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இந்த ஊரில்தானே இருக்கிறார்கள்.

இன்னொன்று. இந்த மலைக்கு மலாய் மொழியில் புக்கிட் லாரங்கான் என்று பெயர், தடை செய்யப்பட்ட மலை. பதினான்காம் நூற்றாண்டில் சிங்கபுர அரசர்கள் வாழ்ந்த இடம் என்பதால் சாதாரண ஜனங்கள் ஏற மாட்டார்கள். 1928ல் உச்சியில் நீர்த்தேக்கம் கட்டத் தோண்டியபோது தங்க நகைகள் கிடைத்தன. அதில் ஒரு தோள்வளையில் காலன் முகம் இருக்கிறது. உருட்டிய விழியும் விரிந்த வாயுமாக, நம் கோவிலில் சாமிக்குப் பின்னால் திருவாசியின் உச்சியில் ஒரு முகம் பார்ப்போமே, கீர்த்திமுகம், அதன் உறவுக்காரன் என்றே சொல்லலாம். ஜாவா வழியாக வந்த வேலைப்பாடு. ஸ்டாம்ஃபர்ட் ரோட்டில் தேசிய அரும்பொருளகத்தில் அதைப் பார்த்தால், அன்று மாலையே கோவிலுக்குப் போய்த் திருவாசியையும் பாருங்கள். இரண்டையும் ஒரே நாளில் பார்க்க வேண்டும்.

நேரம் முடியப்போகிறது என்று இங்கே கை காட்டுகிறார்கள். பூங்காவைப் பற்றி நிறைய வைத்திருந்தேன், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மொத்தம் 18 ஹெக்டேர். கோட்டை கட்ட ஆரம்பித்தது 1859ல். எதிரே நம் டேங்க் ரோடு கோவில் எழுந்ததும் அதே ஆண்டுதான். கோட்டையில் இப்போது மிஞ்சியிருப்பது பெரிய வாசலும் கொஞ்சம் சுவரும். மலைக்கு அடியில் ஒன்பது மீட்டர் ஆழத்தில் போர்க்காலப் பாதாள அறைகள். 1942 பிப்ரவரி 15ஆம் தேதி சரணடைவதென்று முடிவெடுத்தது அங்கேதான். அதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். வாசனைப் பயிர்த் தோட்டத்தில் ஜாதிக்காய் மரத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், டப்பாவில் பொடியாக மட்டுமே பார்த்திருப்பார்கள்.

போகிற வழி: டவுன்டவுன் லைனில் ஃபோர்ட் கெனிங் நிலையத்தில் இறங்குங்கள். ஏற்றம் வாசலிலேயே தொடங்கிவிடும். தண்ணீர் பாட்டிலும், மழைக்கு ஒரு குடையும், உட்கார ஒரு பாயும் கையில் இருக்கட்டும். பெரியவர்களைக் கூட்டிப் போனால் பாதி வழியில் உள்ள பெஞ்சில் கட்டாயம் உட்கார வையுங்கள். அங்கிருந்து பார்த்தால் மரங்களுக்கு நடுவே கோபுரம் தெரிகிறதா என்று அவர்களையே கேளுங்கள். எனக்குத் தெரிகிறது.

நன்றி, வணக்கம்.