இலையைப் பிடித்தால் பூ அகப்படும்

அவையில் இருக்கும் பெரியோர்களுக்கும், குறிப்பேட்டோடு வந்திருக்கும் பிள்ளைகளுக்கும் காலை வணக்கம்.

நமக்கு வசந்தம் என்பது மாரி கொடுத்துவிட்டுப் போகும் கொடை. தை மாதத்தில் மழை ஓய்ந்ததும் வாவிக்கரை, ஒழுங்கை ஓரம், வளவு மூலை எங்கும் பூ. பெயர் கேட்டால் "அது சும்மா புல்" என்கிறோம். அந்தச் சொல் எனக்கு வலிக்கிறது.

பூவை அறிய விரும்புகிறவர்கள் முதலில் இலையையும் தண்டையும் பாருங்கள். தும்பையை எடுத்துக்கொள்வோம். வெள்ளைப் பூ எத்தனையோ செடிகளில் உண்டு. தும்பையின் தண்டை விரலிடுக்கில் உருட்டினால் நான்கு விளிம்பு தட்டுப்படும். இலைகள் எதிரெதிராக நிற்கும். பூவின் கீழ் உதடு அகலமாக விரிந்திருக்கும்; தேனீ வந்து உட்கார அதுதான் திண்ணை. மேல் உதடு மயிர் அடர்ந்த சிறு குல்லாய். தேனீயின் முதுகில் மகரந்தத்தைப் பூசிவிடுவது அதன் வேலை. நாம் சுண்டல் செய்து உண்ணும் தும்பைக்கு 1753இல் சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 'செய்லானிக்கா' என்று இலங்கையின் பெயரையே இட்டார்.

மட்டக்களப்புக் கல்லடிக் கடற்கரை மணலில் ஓடும் அடம்பன் கொடியைப் பூ இல்லாத நாளிலும் அறியலாம். இலை நடுவே பிளந்திருக்கும். சங்கப் புலவர் அதில் மானின் குளம்பைக் கண்டார். தாவரவியலார் ஆட்டுக் குளம்பைக் கண்டு பெயர் வைத்தார்கள். இரு சாராரும் பார்த்தது இலையைத்தான். திரண்டால் மிடுக்கு என்று நம் பழமொழி சொல்வதும் இந்தக் கொடியையே. கணுவுக்குக் கணு வேர்விட்டு மணலை இறுக்கிப் பிடிக்கிறதே!

வெட்டுக்காயத்துக்குச் சாறு பிழியும் மூக்குத்திப் பூண்டு அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து வந்து குடியேறியது. அதன் ஒரு பூ உண்மையில் பூக்களின் கூட்டம். ஓரத்தில் இதழ்போல் நிற்பவை பெரும்பாலும் ஐந்து. ஒவ்வொன்றும் தனிப் பூ. நுனியில் மூன்று பல் இருக்கும். நடுவிலுள்ள மஞ்சள் குழல்களும் தனித்தனிப் பூக்களே. ஒரு சிறு பூதக்கண்ணாடி போதும், எண்ணிவிடலாம்.

பிள்ளைகளே, பெயர் தெரியாவிட்டால் பிடுங்க வேண்டாம். இலையை வரையுங்கள், இடத்தையும் நாளையும் எழுதுங்கள், வீட்டில் அம்மம்மாவிடம் காட்டுங்கள்.

விஷ்ணுகிராந்தியைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. சட்டைப் பொத்தானிலும் சிறிய அந்த நீலப் பூ வெயில் ஏறினால் சுருங்கிவிடும். மண்டபத்தின் பின்வேலியருகே காலையில் நான்கைந்து கண்டேன். வாருங்கள், இப்போதே போவோம்.