ஆய்வாளரும் நிரல் எழுதட்டும்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். இலக்கிய, வரலாற்று ஆய்வாளர்களுக்கு அடிப்படை நிரலாக்கம், அதாவது கணினிக்குக் கட்டளை எழுதும் கலை, கற்றுத்தர வேண்டுமா என்பது தலைப்பு. வேண்டும் என்று பேச வந்திருக்கிறேன்.

“படிப்பதுதான் ஆய்வாளர் வேலை, நிரலுக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம்” என்று எதிரணித் தலைவர் சொல்லிக் கைதட்டலும் வாங்கினார். சரி, ஆள் வைப்போம். ஒரு தொகுப்பில் மூன்றெழுத்துச் சொற்கள் எத்தனை என்று கேட்போம். அவர் பைத்தான் என்ற நிரல்மொழியில் சொல்லின் நீளத்தைக் கேட்கிறார். ‘தமிழ்’ என்பதற்கு அது 5 என்கிறது! த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என, கணினி எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யுனிகோடில் ஐந்து குறியீடுகள். கணினி பொய் சொல்லவில்லை. நாம் எழுத்து என்று நினைப்பதை அது எண்ணவில்லை, அவ்வளவுதான்.

இதைவிடப் பெரிய வம்பு ஒன்று உண்டு. ‘கொடி’யில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பு, கால் என இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவராமல் நிரலில் தேடினால் ஒரு வகை விடுபடும். ‘இந்தப் புலவர் கொடி என்ற சொல்லையே ஆளவில்லை’ என்று ஒருவர் கட்டுரையே எழுதிவிடுவார். திருத்த இரண்டு வரி நிரல் போதும். ஆனால் ‘இருக்காதே, நான் படித்திருக்கிறேனே’ என்று சந்தேகப்பட நூலைப் படித்தவர் வேண்டும். சந்தேகத்தைத் துருவ நிரலும் கொஞ்சம் தெரிய வேண்டும். அந்த இரண்டும் ஒரே தலைக்குள் இருப்பது நல்லது.

இத்தாலியத் துறவி ரொபெர்த்தோ பூசா 1949இல் ஐபிஎம் நிறுவனத் தலைவரைச் சந்தித்து, லத்தீனில் எழுதிய இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்குவினாசின் நூல்களுக்கு, எந்தச் சொல் எங்கே வருகிறது என்று காட்டும் சொல்லடைவு உருவாக்க உதவி கேட்டார். பின்னாளில் அது 56 தொகுதிகளாக அச்சானது. அதிலும் எந்தச் சொல்வடிவம் எந்தத் தலைச்சொல்லின் கீழ் வரும் என்று முடிவுசெய்தது இயந்திரமல்ல, லத்தீன் படித்தவர்கள்.

யாரையும் பொறியாளர் ஆக்கச் சொல்லவில்லை. கோப்பைத் திறப்பது, ஒரே வேலையை ஆயிரம் கோப்புகளில் செய்ய வைப்பது, ‘இப்படித் தொடங்கும் சொற்கள்’ என்பதுபோல் வடிவம் கொடுத்துத் தேடுவது, அட்டவணையாக்குவது, இவ்வளவுதான். அதையும் அவரவர் நூல்களைக் கொண்டே கற்றுத்தர வேண்டும். முதல் வகுப்பிலேயே பகா எண்ணைக் கண்டுபிடிக்கச் சொன்னால் நானே எதிரணிக்கு ஓடிவிடுவேன்!

“செயற்கை நுண்ணறிவு எழுதித் தருமே” என்பார்கள். தரட்டும். அது எதை எண்ணியது என்று வாசித்துப் பார்க்கவாவது தெரிய வேண்டாமா? அடுத்து வரும் எதிரணி நண்பர் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லட்டும்: தப்பான எண்ணிக்கை ஆய்வேட்டில் ஏறிவிட்டால், வாய்மொழித் தேர்வில் விளக்கம் சொல்ல யார் வருவார்?