தரைதட்டியவர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

2020 ஏப்ரல் மாதம். நான் தமிழ்நாட்டுக் கடைசி ஊரான நீரோடியில் இருந்தேன், என் தங்கை கேரளத்துப் பொழியூரில். நடந்தால் பத்து நிமிடம்தான். ஆனால் நடுவே மாநில எல்லை, வழியை மறித்துவிட்டார்கள். ஊரடங்குக்கு முந்தின நாள் எங்கள் வீட்டுக்கு வந்த தங்கையின் மாமியார், எங்களுக்கு அத்தை, திரும்பிப் போக முடியவில்லை. திண்ணையில் உட்கார்ந்து அந்தப் பக்கத்துத் தென்னைகளையே பார்த்துக்கொண்டிருப்பார். "தரைதட்டுன வள்ளம் மாதிரி கெடக்கேன் மக்ளே" என்பார். வள்ளம் என்றால் படகு.

அந்த மாதம் 29ஆம் தேதி மத்திய உள்துறை அமைச்சகம் போட்ட உத்தரவில், இப்படி நின்றுபோனவர்களைக் குறிக்க 'ஸ்ட்ராண்டட்' என்ற சொல் இருந்தது. 'சிக்கித் தவிப்போர்' என்று தமிழில் சொன்னார்கள். ஆங்கிலம் கற்பிக்கிற எனக்கு அத்தையின் சொல்தான் சரியாகப் பட்டது.

'ஸ்ட்ராண்ட்' என்றால் பழைய ஆங்கிலத்தில் கரை. ஜெர்மன்காரர்கள் இன்றும் கடற்கரையை அப்படித்தான் சொல்கிறார்கள். லண்டனில் ஸ்ட்ராண்ட் என்ற தெரு ஒரு காலத்தில் தேம்ஸ் ஆற்றை ஒட்டிக் கிடந்தது. பிறகு ஆற்றோரத்தை மேடாக்கி 1870இல் புதுச்சாலை திறந்தார்கள். ஆறு தள்ளிப்போயிற்று, பெயர் மட்டும் நின்றது. ரங்கூனுக்குப் பிழைக்கப் போன நம்மவர்கள் நடந்த ஸ்ட்ராண்ட் ரோடும் ஆற்றங்கரைச் சாலையே. கப்பல் கரையில் ஏறி நின்றுபோவதை இந்தச் சொல்லாலேயே 17ஆம் நூற்றாண்டில் சொல்லத் தொடங்கினார்கள். மனிதர்களுக்கு அது வந்தது பின்னால்தான். கயிற்றின் புரிக்கும் இதே உச்சரிப்பு உண்டு. அது வேறு சொல், மாணவர்கள் குழம்ப வேண்டாம்.

தரைதட்டிய கப்பல் மூழ்கவில்லை. கரை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, அசையத்தான் முடியவில்லை. 'சிக்கி' என்பதில் இந்த வேதனை வருவதில்லை.

லண்டனில் தேம்ஸ் நீர் ஏறி இறங்கும் உயரம் ஏழு மீட்டர் வரை போகும். வற்றத்தில் சேற்றில் உட்கார்ந்த படகை அடுத்த ஏற்றம் தானாகவே தூக்கிவிடும். நம் கடலில் அந்த வித்தியாசம் ஒரு மீட்டர் அளவுதான். மணல்திட்டில் ஏறிய வள்ளத்துக்குத் தண்ணீரை நம்பிப் பயனில்லை. கரையில் நின்று கரைமடி வலை இழுக்கிறவர்கள் அதை அப்படியே விட்டுவிட்டு ஓடி வருவார்கள், இடுப்பளவு நீரில் தோள் கொடுத்துத் தள்ளுவார்கள்.

அத்தைக்கும் அப்படித்தான் ஆயிற்று. இந்தப் பக்கம் நானும் வார்டு மெம்பரும், அந்தப் பக்கம் தங்கையும் அவள் வீட்டுக்காரரும் அலைந்து மே மாதம் பாஸ் வாங்கினோம். பத்து நிமிட வழிக்கு, களியக்காவிளை சுற்றி, காரில் போனார்.

வணக்கம்.