கொக்கின் கடைவாயைப் பாருங்கள்

நண்பர்களே, கொக்கு பார்க்கப் போகிறவர்கள் செய்யும் முதல் தவறு, கொக்கை நோக்கி நடப்பது. கிட்டே போனால் நன்றாகத் தெரியும் என்று சேற்றில் இறங்குகிறார்கள். அது எழும்பிப் பறந்துவிடுகிறது. கொக்குத் தலையில் வெண்ணெய் வைத்த கதைதான். இரை தேடி அது வரப்போகிற இடத்தில் நாம் முன்பே போய் உட்கார்ந்திருக்க வேண்டும். நீர் வற்றிக்கொண்டிருக்கும் விளிம்பு, சாணளவு தண்ணீர், சூரியன் நம் முதுகுப் பக்கம், விடிந்து இரண்டு மணி நேரத்துக்குள். 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. முகப்பு லென்ஸ் உள்ள) பைனாகுலர் போதும். கரைமேல் நின்றால் நம் உருவம் வானத்தின் பின்னணியில் எடுப்பாகத் தெரியும், சரிவில் உட்காருங்கள்.

எல்லாம் வெள்ளைதானே, எப்படிப் பிரிப்பது? அலகின் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். பெரிய கொக்கின் மஞ்சள் அலகு, ஆசியாவில் இனப்பெருக்கக் காலத்தில் கறுத்துவிடும். கடைவாயைப் பாருங்கள். வாய்க்கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரிய கொக்கு. கண்ணுக்குக் கீழேயே நின்றுவிட்டால் இடைக்கொக்கு. சின்னக் கொக்குக்குக் கறுப்பு அலகு, கறுப்புக் கால், மஞ்சள் பாதம். சேற்றில் நிற்கும்போது அந்தப் பாதம் தெரியாது. பறக்கும்போது பாருங்கள், அப்போது கழுத்து மடங்கியிருக்கும், பாதம் வாலைத் தாண்டி நீட்டியிருக்கும்.

அந்த மஞ்சள் பாதம் வெறும் அலங்காரம் இல்லை. ஒரு காலை முன்னால் வைத்து, அடிச்சேற்றை நடுங்குகிற மாதிரி கிளறும். ஒளிந்திருந்த இறாலும் மீன்குஞ்சும் துள்ளும். கழுத்து ஒரு கணம் பின்வாங்கும், அடுத்த கணம் அலகு நீருக்குள். ஒரே பறவையை இருபது நிமிடம் விடாமல் பார்த்தால்தான் இது பிடிபடும். பார்த்த பறவைகளின் பட்டியலில் எண்ணிக்கை கூட்டுகிறவர்களுக்கு இது கிடைப்பதே இல்லை!

இனப்பெருக்கக் காலத்தில் முதுகில் மெல்லிய தூவிகள் தொங்கும். சின்னக் கொக்குக்குப் பிடரியில் இரண்டு நீண்ட இழைகளும் உண்டு. பெரிய கொக்குக்குப் பிடரி இழை கிடையாது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொப்பிக்காக இந்தத் தூவிகள், எடைக்கு எடை, தங்கத்தைவிட அதிக விலைக்குப் போயின. தூவி முளைப்பது கூடு கட்டும் பருவத்தில் என்பதால், வேட்டைக்காரர்கள் கூட்டிலேயே தாயைச் சுட்டார்கள். குஞ்சுகள் பட்டினியில் செத்தன. இதை எதிர்த்துப் பெண்கள் 1889-இல் இங்கிலாந்தில் தொடங்கிய அமைப்புதான் இன்றைய ராயல் பறவைப் பாதுகாப்புச் சங்கம்.

படமெடுக்கிறவர்களுக்கு ஒன்று. இருண்ட நாணலுக்கு முன் சிறிய வெள்ளை உருவம் நின்றால், கேமரா இருட்டைக் கணக்கில் எடுத்து வெள்ளையை வெளுத்துவிடும். எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் ஒளியளவை) ஒரு படி குறையுங்கள். கொக்கு படச்சட்டம் முழுதும் நிறைந்தால் அதே கேமரா அதைச் சாம்பலாக்கும். அப்போது கூட்ட வேண்டும். பறக்கும்போது ஷட்டர் வேகம் 1/2000 நொடி. தூவியின் இழை தெரியாத வெள்ளை, கெட்டுப்போன வெள்ளை.

கூடுகள் உள்ள மரத்தடிக்கு மட்டும் போகாதீர்கள். பெற்றோர் எழும்பினால் காகம் முட்டையைத் தூக்கும், வெயிலில் குஞ்சு வாடும், மிரண்ட குஞ்சு கீழே விழும். வேறெங்கும், கொக்கு இரை தேடுவதை நிறுத்திக் கழுத்தை நேராக நிமிர்த்தினால், அசையாமல் இருந்துவிடுங்கள். கழுத்து மறுபடி வளைந்து, மஞ்சள் பாதம் சேற்றைக் கிளறத் தொடங்கினால், உங்களை மறந்துவிட்டது என்று அர்த்தம்.